அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பது பற்றி

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. ஐ.சி.யூ.வில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டுகிறார்கள், நிம்மதியாகத் தூங்க விடக்கூடாதா என்று கேட்டிருந்தாய். மகளுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அதுவும் வைத்தியம்தான் மீனா.

தூக்கத்தில் நாமெல்லாம் தானாகவே புரண்டுகொள்வோம். மயக்க மருந்தில், வென்டிலேட்டரில் இருப்பவரால் முடியாது. வால் எலும்பிலும் குதிகாலிலும் எடை ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் தடைப்படும். பிரஷரை ஏற்றும் மருந்து ஓடினால் தோலுக்கு வரும் ரத்தம் இன்னும் குறையும். புண் வெளியே தெரிவதற்குள் உள்ளே சதை கெட்டுப் போயிருக்கலாம். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது. அதனால் நான் தொட்டுத்தான் பார்ப்பேன்: சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, மற்ற இடத்தைவிடக் கறுத்திருக்கிறதா என்று. அப்படி ஓரிடம் இருந்தால் எண்ணெய் போட்டுத் தேய்க்காதே, சதை இன்னும் நசுங்கும். ஏர் பெட் உதவும்தான், ஆனால் அது போட்டாலும் புரட்டியே ஆக வேண்டும்.

மல்லாந்தே கிடந்தால் நுரையீரலின் முதுகுப் பக்கம் சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வரலாம். வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்தும் உண்டு. அதற்காகத்தான் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்துகிறார்கள். ஆனால் உயர்த்தினால் உடம்பு கீழே சறுக்கி, வால் எலும்பின் மேல் தோல் இழுபடும். நுரையீரலைக் காப்பாற்றப் போனால் தோல் அடிபடுகிறது. எங்கள் நர்ஸ் வேலையில் எனக்கு மிகக் கஷ்டமாகத் தோன்றுவது இதுதான். பக்கவாட்டில் சாய்க்கவும் 30 டிகிரி போதும். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பில் எடை விழும்.

கொரோனா சமயத்தில் குப்புறப் படுக்க வைத்தது உனக்கு நினைவிருக்கும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் மிக மோசமானவர்களை நாளுக்கு 16 மணி நேரமாவது அப்படி வைத்தபோது, 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர். மல்லாந்தே இருந்தவர்களில் 33 பேர். ஆனால் குப்புறப் படுத்தாலும் கன்னத்திலும் தாடையிலும் புண் வரும், முகத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

அப்பாவுக்கு பிரஷர் நிலையாக இல்லை என்று எழுதியிருந்தாய். அப்படியானால் ஒரேயடியாகத் திருப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாய்ப்பார்கள். ஒருவர் மூச்சு டியூபைப் பிடிக்க, இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை அது. ராத்திரி டியூட்டியில் ஆள் குறைவாக இருக்கும்போதும் விடாமல் செய்கிறார்கள் என்றால் நல்ல கையில்தான் இருக்கிறார்.

பெரியவளுக்கு பிளஸ் டூ பரீட்சை நெருங்குகிறது, வீடு அமைதியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை, கடலூர் பஸ் பிடித்து வருகிறேன். அப்பா வார்டுக்கு வந்த பிறகு குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைப்பது உன் வேலையாகிவிடும். எப்படி என்று அன்றே செய்து காட்டுகிறேன்.

அன்புடன்,
கலா