ஜூனியர்கள் ஏன் தங்குவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டத் துறையில் நல்ல ஆட்கள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல வருடங்களாக ஜூனியர்களை வேலைக்கு எடுத்து வருபவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரை மொத்தப் பழியையும் இளைஞர்கள் தலையில் கட்டிவிட்டது. பொறுமை இல்லையாம், சம்பளம் மட்டும்தான் குறியாம். சம்பளம் ஒரு காரணம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பாரிஸ்டரிடம் பயிற்சி பெறுபவருக்குக் கட்டாயம் பணம் தர வேண்டும் என்ற விதியே 2003-இல்தான் வந்தது. ஆனால் கை நிறைய வாங்கிக்கொண்டே விலகிப் போனவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏன் கிளம்புகிறாய் என்று கேட்டால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "நான் எழுதியதில் எது சரி, எது தப்பு என்று யாருமே சொல்லவில்லை சார்."

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஜூனியர் ராத்திரி உட்கார்ந்து ஒரு மனுவை எழுதி அனுப்புகிறார். மறுநாள் கடைசி நேரத்தில் சீனியர் அதைத் திறக்கிறார். மூன்றாவது பத்தியைத் தூக்குகிறார், பரிகாரம் கேட்கும் பகுதியை அடியோடு மாற்றுகிறார், தாக்கல் செய்துவிடுகிறார். ஜூனியர் கண்ணில் படுவது தாக்கலான பிரதி மட்டும். மூன்றாவது பத்தி ஏன் போனது? எதிர்த்தரப்பு அதை ஒப்புதலாகப் பிடித்துக்கொள்ளும் என்பதாலா, சும்மா நீளமாக இருந்ததாலா? தெரியாது. அடுத்த மனுவிலும் அதே பத்தியை எழுதுவார். 'இவனுக்கு இது வராது' என்று சீனியர் முடிவு கட்டிவிடுவார்.

சீனியர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. பெரிய சட்ட நிறுவனங்களில் கணக்கு எழுதும் முறையே அப்படி. வழக்கறிஞர் சங்கங்கள் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் போடுவது சட்டவிரோதம் என்று 1975-இல் கோல்ட்ஃபார்ப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை பார்த்த நேரத்தை எண்ணிப் பணம் வாங்கும் மணிக்கணக்குக் கட்டணம் ஏற்கெனவே பரவி வந்தது; அது அதன்பின் இன்னும் வேரூன்றியது. ஒரு மணி நேரத்தைப் பத்தாக வகுத்து, 6 நிமிடத்துக்கு ஒரு அலகு என்று எழுதுகிறார்கள். கட்சிக்காரரோடு போனில் பேசினால் ஓர் அலகு, கடிதம் படித்தால் இன்னொன்று. ஜூனியரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த மூன்றாவது பத்தியை விளக்கும் அரை மணி நேரத்தை எந்தக் கட்சிக்காரர் கணக்கில் எழுதுவது? ஐந்து அலகு போச்சு. அப்புறம் யார் உட்காருவார்கள்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறைக்கு மூலவர் நியூயார்க்கின் பால் கிராவத். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வகுத்தது: நன்றாகப் படித்தவர்களைக் கல்லூரியிலிருந்து நேராக எடு, சில வருடம் கழித்துப் பங்குதாரர் ஆக்கு, இல்லையா, அனுப்பிவிடு. எல்லோரும் பிடித்துக்கொண்டது இவ்வளவுதான். ஆனால் சீனியர் ஒரு பெரிய வழக்கைத் துண்டு துண்டாகப் பிரிப்பதை ஜூனியர் கூடவே இருந்து பார்க்க வேண்டும், அதில் ஒரு துண்டை வாங்கி முழுசாக அலசி முடிக்க வேண்டும், கொஞ்ச காலம் கழித்து வேறொரு பங்குதாரரிடம் போய் வேலை பழக வேண்டும் என்பதெல்லாமும் அதே முறையில் இருந்ததுதான். அது செலவு பிடிக்கும் பாதி. பல இடங்களில் மெல்லக் கழன்றுவிட்டது.

மற்ற துறைகளைப் போல ஒப்பந்தம் போட்டு ஆளைக் கட்டிவைக்கலாம் என்றால் அதற்கும் வழி குறைவு. விலகிய பிறகு ஒரு வழக்கறிஞர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் கூடாது என்கிறது அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதிகளில் 5.6-ஆவது விதி. தனக்கு வேண்டிய வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கட்சிக்காரருக்குக் குறையக் கூடாது என்பது அதன் நோக்கம். நியாயம்தான். ஆனால் இதனாலேயே சில சீனியர்களுக்குப் பயம். ஜூனியர் கட்சிக்காரரைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாரோ என்று, அவரை வாயே திறக்க விடமாட்டார்கள். கட்சிக்காரருக்குப் பெயர்கூடத் தெரியாத ஜூனியர் அந்த ஆபீஸில் எதற்காக ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும்?

வேலைக்கு எடுக்கும்போதே கொஞ்சம் ஒழுங்காகப் பார்க்கலாம். 'ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்' என்ற கேள்வியால் எந்தப் பயனும் நான் கண்டதில்லை. முடிந்துபோன ஒரு கேஸ் கட்டில் பெயர்களையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் தேதிவாரியாக நடந்ததை எழுதச் சொல்வேன். நடை பிரமாதமாக இருக்கும், ஆனால் நோட்டீஸில் போட்ட தேதியையும் அது கைக்கு வந்து சேர்ந்த தேதியையும் பலர் ஒன்றாக்கிவிடுவார்கள். காலக்கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதில்தான் சில வழக்குகளே நிற்கும். மதிப்பெண் சுமாராக வைத்திருந்த ஒரு பெண், பட்டியலுக்குக் கீழே, "கடிதத்தில் ஒரு தேதி, உறையின் முத்திரையில் வேறு தேதி. எதை எடுத்துக்கொள்வது?" என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அவரைத்தான் எடுத்தேன். மூன்றாவது பத்தி ஏன் போனது என்று கேட்கக்கூடியவர் அவர்தான். இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், சில நாள் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும்.

வேலை தேடும் இளம் வழக்கறிஞர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. நேர்காணலின் முடிவில் 'ஏதாவது கேட்க வேண்டுமா' என்பார்கள். இல்லை என்று தலையாட்டாதீர்கள். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார், அவரோடு ஒரு தடவை பேசலாமா என்று கேளுங்கள். ஒழுங்கான ஆபீஸ் என்றால் போன் நம்பரைக் கொடுத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்