விசில் ஊதினாரா, இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். 2023 மார்ச்சில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து நாக்-அவுட்டில் பெங்களூருவின் சுனில் சேத்ரி எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த ஃப்ரீ கிக்கைச் சட்டென்று அடித்து கோலாக்க, 'நாங்க இன்னும் தயாராகவே இல்லையே' என்று கேரளா பிளாஸ்டர்ஸ் அணி கூடுதல் நேரத்தில் பாதியிலேயே வெளியேறியதே, அந்தச் சண்டை எங்கள் மன்னார்குடி டீக்கடையில் இன்னும் ஓயவில்லை. விசிலுக்குக் காத்திரு என்று நடுவர் சொல்லாதவரை உடனே அடிக்கலாம், விதி அதுதான். ஆனால் அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்பதில்தான் தகராறு. வெளியேறியது தப்பு, அதற்கு 4 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார்கள், சரி.

இங்கே அறுவடை முடிந்த வயலில் இரண்டு செருப்பை கோல் கம்பமாக வைத்து ஆடும் பையன்களும் இப்போது பந்தை வைத்த கையோடு அடித்துவிட்டு 'சேத்ரி கோல்' என்கிறார்கள், நடுவராக நிற்கும் என் பாடு திண்டாட்டம். இப்படிப்பட்ட விதிகளை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாரம் ஒன்றாக விளக்கி எழுதுங்களேன்.

– ஒரு வாசகர், மன்னார்குடி