தர்பூசணி விதையின் இனத்தூய்மைக் குறைபாடு பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: வாடல் நோய் எதிர்ப்பு உள்ளதாக விற்கப்பட்ட விதையில் கலப்பு – இழப்பீடு கோருதல்

ஐயா,

மரக்காணம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தர்பூசணி வைத்திருக்கும் நான், தங்கள் வீரிய ஒட்டு விதையில் 50 கிராம் பாக்கெட் ஒன்பது வாங்கித் தை மாதத்தில் ஊன்றினேன். காய் பிடித்து ஊறும் நேரத்தில் சில கொடிகள் உச்சிவெயிலில் துவண்டு, மாலையில் நிமிர்ந்து, நான்கைந்து நாளில் அடியோடு வாடின. தூரை நெடுக்காகப் பிளந்தபோது உள்ளே பழுப்புக் கோடுகள் தெரிந்தன. அது ஃபியூசேரியம் என்ற மண்வழிப் பூஞ்சையால் வரும் வாடல்தான்.

வாடிய கொடிகளில் முன்பே பழுத்திருந்த பழங்களை அறுத்தபோதுதான் சந்தேகம் வந்தது. தங்கள் பாக்கெட்டுப் படத்தில் இருப்பது நடுத்தர அளவுள்ள கறுப்பு விதை. வாடிய 20 கொடிகளில் 17-இல் இருந்ததோ நீண்ட, செம்பழுப்பு விதை. நன்றாக நின்ற 20 கொடிகளில் 19-இல் கறுப்பு விதையே இருந்தது. பிஞ்சு விதை வெளுத்திருப்பது இயல்பு என்று பதில் வரும் என்பதால், இரு பக்கமும் முற்றிய பழங்களை மட்டுமே கணக்கில் எடுத்தேன்.

பார்வையிட வந்த தங்கள் பிரதிநிதி, பக்கத்துக் கொல்லையின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்ததால் விதை மாறியிருக்கும் என்றார். இதை ஏற்க இயலாது. விதையின் மேலுறை தாய்ச்செடியின் திசுவிலிருந்து உருவாவது. எந்த மகரந்தம் விழுந்தாலும் அந்தப் பழத்து விதையுறையின் நிறம் மாறாது. நிறம் வேறென்றால் செடியே வேறு. மேலும், கறுப்பு ஓங்கு பண்பு (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது), செம்பழுப்பு ஒடுங்கு பண்பு (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது) என்பதால், ஆண் பெற்றோரின் மரபணு சேர்ந்திருந்தால் அச்செடிகளில் கறுப்பு விதையே வந்திருக்கும். விதை உற்பத்தியின்போது பெண் பெற்றோராக நட்ட செடி வரிசையில் ஆண் பூக்களைக் கிள்ளாமல் விட்டதால் தன்மகரந்தச் சேர்க்கையில் உண்டான விதைகளே இதில் கலந்துள்ளன என்றும், எதிர்ப்பு மரபணு ஆண் பெற்றோர் வழியே வருவதால் அவை அதைப் பெறவில்லை என்றும் கருதுகிறேன்.

இன்னொன்று: ஃபியூசேரியப் பூஞ்சையில் ‘ரேஸ்’ எனப்படும் உட்பிரிவுகள் உண்டு; ரேஸ் 1-ஐத் தடுக்க ஒரே ஓங்கு மரபணு போதும், அது ரேஸ் 2-ஐத் தடுக்காது. எந்த ரேஸ் என்று சொல்லாமல் ‘வாடல் நோய் எதிர்ப்பு’ என்று மட்டும் அச்சிடுவது வாங்குபவருக்கு எதையும் சொல்வதாகாது.

ஆகவே, இதே லாட்டில் (விதைத் தொகுப்பில்) தாங்கள் வைத்திருக்கும் மாதிரியை வயலில் வளர்த்து, செடிகள் எல்லாம் அதே ரகம்தானா என்ற இனத்தூய்மையை என் முன்னிலையில் பார்க்க வேண்டும். முடிவு தெரியும்வரை அந்த லாட்டின் விற்பனையை நிறுத்த வேண்டும். விதை விலையையும் விளைச்சல் இழப்பையும் ஈடுசெய்ய வேண்டும். 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிடில் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். ரசீதையும் லாட் எண் உள்ள பாக்கெட்டுகளையும், கொடிவாரியாக உறையிட்டுக் காயவைத்த 40 விதை மாதிரிகளையும் பத்திரமாக வைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட விவசாயி