கில்பர்ட் மஞ்சளுக்கு வெயில் எதற்கு?

ஆசிரியருக்கு,

கில்பர்ட் குறைபாடு (ரத்தத்திலுள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைக் கல்லீரல் மெதுவாகக் கழிக்கும், தீங்கற்ற பிறவித் தன்மை) உள்ளவர்களின் கண் மஞ்சளித்தால் வெயிலில் நிற்கச் சொல்கிறார்கள். ஒளி பட்டால் பிலிருபின் நீரில் கரையும் வடிவத்துக்கு மாறி, பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறும் என்பது உண்மை. ஆனால் அதற்கு 460–490 நானோமீட்டர் நீல ஒளி, வெற்றுடம்பில் மணிக்கணக்காக விழவேண்டும். பெரியவர்களின் தடித்த தோலில் பலனும் குறைவு. அந்தப் பாடு, பிலிருபின் ஆபத்தான அளவுக்கு ஏறும் அரிய பிறவி நோயான கிரிக்லர்-நஜ்ஜார் உள்ளவர்களுக்கு உரியது. கில்பர்ட்டில் அளவு பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டாது, சிகிச்சையே தேவையில்லை.

காமாலைப் பத்தியம் என்று பட்டினி போடுவதுதான் விபரீதம்: இரண்டே நாளில் பிலிருபின் இரட்டிப்பாகலாம். நேரடி பிலிருபின் (கல்லீரல் ஏற்கெனவே பதப்படுத்திய பகுதி), கல்லீரல் நொதிகள், ஹீமோகுளோபின் மூன்றும் சரியா என்று பார்த்தால் போதும். புற்றுநோய்க்கு இரினோடெகான் ஏற்றும் முன் கில்பர்ட் இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம்.