மித்திக் ரெய்டு ஆடும் நண்பர்களுக்கு ஒரு மடல்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் மித்திக் ரெய்டு (கூட்டமாகச் சேர்ந்து பாஸ் எனும் பெரிய எதிரிகளை வீழ்த்தும் ஆட்டத்தின் மிகக் கடினமான நிலை) ஆடும் நண்பர்களே,

"தனியா டெல்வ் ஓட்டுறவனுக்கு மித் கியர் எதுக்குய்யா?" என்று கேட்கிறீர்கள். அடிக்கடி கேட்கிறீர்கள். டெல்வ் என்பது தனியாகவே ஆடக்கூடிய சின்னக் குகைப் பயணம்; மித் கியர் என்பது உச்சத் தர ஆயுதமும் கவசமும், ஹீரோ கியர் அதற்கு ஒரு படி கீழே. சரி, பதில் சொல்லிவிடுகிறேன்.

நானும் ரெய்டு ஆடியவன்தான், ஹீலர் (அடிபட்டவர்களைக் குணப்படுத்துகிறவன்). எங்கள் கில்டு (ஆட்டக் குழு) ஐரோப்பிய சர்வரில் இருந்தது. அவர்களுக்கு இரவு 8 மணி என்றால் எனக்குக் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. ஒரே பாஸிடம் ராத்திரி முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்து, மூன்றரை மணிக்கு ஹெட்செட்டைக் கழற்றினால் காது சிவந்து கன்றிப்போயிருக்கும். மகள் பிறந்ததும் அதெல்லாம் நின்றுவிட்டது. ஆட்டம் மறக்கவில்லை, ராத்திரிதான் என் கையில் இல்லை.

மித்திக்கில் பாஸை வீழ்த்துவது ஒரு கஷ்டம், 20 பேரை ஒரே நேரத்தில் உட்காரவைப்பது இன்னொரு கஷ்டம் (இரண்டாவதுதான் பெரிது என்று எந்த கில்டு தலைவரைக் கேட்டாலும் சொல்வார்). 2014இல் ஆள் எண்ணிக்கையை 20 என்று நிர்ணயித்தார்கள். இதில் கியர் எந்தக் கஷ்டத்துக்குக் கூலி?

2024இல் தி வார் விதினோடு டெல்வ் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆனால் முதல் சீசனில் 8ஆம் நிலையை முடித்தாலும் வால்டில் (வாரம் ஒரு பரிசு தரும் பெட்டகம்) ஹீரோ கியர், உயிரைக் கொடுத்து 11ஆம் நிலையை முடித்தாலும் அதே ஹீரோ கியர். "மித்திக் பிளஸ் போ, 10ஆம் நிலைச் சாவிக்கு வால்டில் மித் வருமே" என்பீர்கள். போனேன்; ஐந்து பேர் சேர்ந்து நேரக் கணக்கோடு ஆடும் குகை அது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் குழந்தை அழுதால் முன்பின் தெரியாத நாலு பேரை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போக வேண்டும். டெல்வில் அந்தப் பாவம் இல்லை, கூட வந்த கணினித் துணைவர் பிரான் கோபித்துக்கொண்டதே இல்லை.

லேசாக்கச் சொல்லவில்லை. 11ஆம் நிலையை இன்னும் கொடூரமாக்கட்டும், மாதத்துக்கு ஒரே ஒரு மித் கியர் தரட்டும், போதும். பட்டம், மவுன்ட் (சவாரி மிருகம்), முதலில் முடித்தவர் பட்டியல் எல்லாம் உங்களுக்கே. "அப்படி வந்தால் நாங்களும் கடமைக்கு டெல்வ் ஓட்ட வேண்டியிருக்குமே" என்கிற உங்கள் பயம் மட்டும் நியாயமானது, அதை நான் தள்ளவில்லை; ஆனால் எத்தனை வழியில் ஆடினாலும் வாரத்துக்கு வால்டிலிருந்து ஒன்றைத்தானே எடுக்கிறீர்கள்? கில்டு வார்ஸ் 2 என்ற இன்னொரு விளையாட்டில் லெஜண்டரி கவசத்துக்கு ரெய்டு ஒரு வழியாக இருந்தது, பின்னால் திறந்த உலகத்தில் ஆடுகிறவர்களுக்கும் தனியாக ஒரு லெஜண்டரி கவசம் வந்தது. ரெய்டு கவசத்தின் தோற்றம் ரெய்டு ஆடியவர்களிடமே இருக்கிறது.

அப்புறம், உங்களில் யாருக்காவது ஹீலர் தேவைப்பட்டால் எழுதுங்கள். சாயங்காலம் 7 மணிக்கு வருவேன், இந்திய நேரம்.