பிரம்புக் கதிரைக்கு வயர் பின்னலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அப்பாவின் சாய்மனைக் கதிரையில் பின்னல் அறுந்துவிட்டது. மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். எல்லாவற்றிலும் ஒரே பதில்: "பிரம்பு இல்லை, வயரால் பின்னித் தரலாம்." எனக்கு மனம் வரவில்லை.

பின்னல் தொய்ந்தால் அம்மா கதிரையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைச் சுடுதண்ணீர்த் துணியால் நனைத்துக் காயவிடுவார். மறுநாள் மேளத்தோல் மாதிரி விறைத்து நிற்கும். வயருக்கு அந்தச் சீவன் ஏது?

பிரம்பை மூங்கில் இனம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பனையின் உறவு. பனை நிமிர்ந்து நிற்கும். பிரம்பு கொக்கி முட்களால் அயல் மரத்தைப் பற்றி ஏறும். மூங்கில் போல உள்ளே கோறையாக இல்லாததால் ஆவியில் வளைத்தாலும் முறியாது. கொழும்பு-கண்டி வீதியில் வேவல்தெனிய இந்தக் கைப்பணிக்கே பெயர்போன ஊர்.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மண்ணுக்குப் பிரம்பு சரிவராது. ஆனால் உலர் வலயத்து ஆற்றோரங்களில் வளரும் இனம் உண்டு. வன்னியில் நட்டுப் பார்க்கலாம். பழத்தின் தோலையும் சதையையும் நீக்கி, விதை காய்ந்துபோகுமுன் நிழலில் விதைக்க வேண்டும். ஏற ஒரு மரம் வேண்டும். இந்தப் பிரம்பு புதராக வளரும் இனம், முதிர்ந்த தண்டை வெட்டினாலும் பக்கத்தில் குருத்து வரும். பல வருடம் பொறுக்கத்தான் வேண்டும். சரி, பனையும் அப்படித்தானே!

வனத் திணைக்களம் இதைக் கவனிக்க வேண்டும். பின்னத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே இளையவர்களுக்குப் பயிற்சியும் தொடங்க வேண்டும். அப்பாவின் கதிரையை விறாந்தையில் அப்படியே வைத்திருக்கிறேன்.

வாசகி ஒருவர்,
கோப்பாய்.