டிக்கெட் எடுத்த வாரமே மருந்துக்கடைக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டுக்கோட்டையில் 22 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். எங்கள் பக்கம் தெருவுக்குப் பத்துப் பேராவது வெளிநாட்டில் இருப்பார்கள். திருச்சியில் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் ராத்திரி, பெட்டியெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் மருந்துக்கடை ஞாபகம் வரும். "அண்ணே, காய்ச்சல், தலைவலி, வயித்துப்போக்கு எல்லாத்துக்கும் கொஞ்சம் மாத்திரை போட்டுக் குடுங்க" என்பார்கள். கடை மூடுகிற நேரம், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். எந்த நாடு, எத்தனை நாள், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்க நேரமே இருக்காது.

போன மாதம் ஒரு பெண் வந்தார். மறுநாள் சாயங்காலம் கணவர் துபாய் திரும்புகிறார். முதுகுவலிக்கு டாக்டர் எழுதிய டிரமடால், பிரிகாபலின் இரண்டும் மூன்று மாதத்துக்கு வேண்டும். பெட்டியில் இடமில்லை, அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் போட்டுத் தாருங்கள் என்றார். அந்த இரண்டுமே ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். டாக்டர் சீட்டோடு, அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதிலும் பெயரில்லாத டப்பாவில்! அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தாலும் இதே கதைதான். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற ஓரம் எங்கள் மேஜையிலேயே தங்கிவிடும். கணவரை வரச்சொல்லிப் பேசினேன். காலையில் டாக்டரைப் பார்த்து வேறு மருந்து எழுதி வாங்கிக்கொண்டு போனார். இத்தனை வருடத்தில் இதை ஒருவரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார்.

நான் இப்படிக் கேட்க ஆரம்பித்ததே ஒரு தவறுக்குப் பிறகுதான். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருப் பையன் ஒருவன் உகாண்டாவுக்கு வேலைக்குப் போனான். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கே போய் ஊசி போட்டுக்கொண்டான். மலேரியாவுக்குச் சான்றிதழ் கேட்பவர் யாருமில்லை. அது வராமல் தடுக்க டாக்டர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார், அங்கே இருந்தவரை ஒழுங்காகச் சாப்பிட்டும் இருக்கிறான். ஊர் வந்து இறங்கியதும் நிறுத்திவிட்டான். கொசு கடித்தபின் கிருமி முதலில் ஈரலில் தங்கி, அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். ரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான் அந்த மாத்திரை அடக்கும். அதனால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். வந்து பன்னிரண்டாம் நாள் குளிரும் காய்ச்சலுமாக என் கடைக்கு வந்தான். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினேன். "தம்பி, எங்கேருந்து வந்தே, எப்ப வந்தே?" என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நினைவு தப்பி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஃபால்சிபாரம் மலேரியா, உயிருக்கே ஆபத்தான வகை. பிழைத்துக்கொண்டான். அவன் அம்மா இன்றைக்கும் என்னிடம் நல்லபடியாகத்தான் பேசுகிறார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிரிட்டனில் பயணத்துக்கு முந்தைய ஆலோசனையையும் தடுப்பூசியையும் பல மருந்தகங்களிலேயே தருகிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 2007 முதல் மருந்தாளுநர்கள் ஊசி போடுகிறார்கள். டாக்டர் வேலையை எங்களுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நம் நாட்டில் 2015-இல் வந்த மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை விதிகளே நோயாளிக்கு மருந்தாளுநர் ஆலோசனை சொல்ல வேண்டும் என்கின்றன. அதைச் செய்ய இடமும் நேரமும் பயிற்சியும் வேண்டும், அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. வெளிநாடு போகிறவர்கள் அதிகமுள்ள ஊர்களில் மட்டுமாவது, அவற்றில் வாரம் ஒரு மாலை பயண ஆலோசனைக்கென்று ஒதுக்கலாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போதும். டாக்டரிடம் அனுப்ப வேண்டியவரை அங்கிருந்தே அனுப்பிவிடலாம்.

என் அளவில், பயணம் போகிறவர்களுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுக்கிறேன். அவர் சாப்பிடும் ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயரும் அளவும் அதில் இருக்கும். மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மாக்களுக்கு இது ரொம்ப உதவுகிறது. நம் கம்பெனிப் பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது, பாராசிட்டமாலையே அங்கே அசெட்டமினோஃபென் என்பார்கள். இன்சுலின் போடுகிறவர்களிடம், கைப்பையில் வையுங்கள், சரக்கில் போகிற பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போகலாம் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்புகிறேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டிக்கெட் எடுத்த வாரமே வாருங்கள், கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில். ஹஜ் போகிறவர்களின் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஆகட்டும், ஆப்பிரிக்கா போகிறவர்களின் மஞ்சள் காய்ச்சல் ஊசி ஆகட்டும், போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பட்டுக்கோட்டை